எவ்வணிகத்தை ஏற்பது, எவ்வணிகத்தை விலக்குவது?



நம் சங்கத்தாரிற் பலர் கூலி வாங்கி வாழ்ந்தவர்கள். அல்லது கூலி வாங்கி வாழ்ந்தோரின் மக்கள். கடை நடத்திய பாட்டனும், பேரேடு எழுதிய தந்தையும் நமக்கு வாய்த்திலர். ஆதலால் ஆலை மூடப்பட்ட நாளிலோ, வேலையினின்று ஓய்வு பெற்ற நாளிலோ, வைப்பு நிதியும் பணிக்கொடையும் ஒருசேரக் கைக்கு வரும்போது நாம் திகைத்து நிற்கிறோம். அன்றுவரை நம் வாசற்படி மிதியாதவர் அன்று வந்து திண்ணையில் அமர்கிறார். "இப்படியொரு வாய்ப்பு மறுபடி வராது" என்கிறார். அதனை ஏற்கலாமா, விலக்கலாமா என்று நிறுத்துப் பார்ப்பதற்கு நம்மிடம் எடைக்கல் இல்லை. முப்பது ஆண்டு உழைப்பின் பயன் சில திங்களுக்குள் கரைந்துபோன குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த எடைக்கல் எது என்பதே இந்தப் பாடம்.

1. வேலியும் விளக்கும்

இது குறித்துப் பகவன் புத்தரின் போதனைகளில், அங்குத்தர நிகாயம் என்னும் தொகுப்பில், இரண்டு இடங்கள் நமக்குப் பயன்படுவன.

ஓரிடத்தில், இல்லறத்தார் செய்யலாகாத வணிகங்கள் ஐந்து எனப் பகவர் எண்ணிச் சொல்கிறார். படைக்கருவி விற்றல், உயிர்களை விற்றல், இறைச்சி விற்றல், மது விற்றல், நஞ்சு விற்றல் ஆகியன அவை. இவை நஷ்டம் தரும் என்று அவர் சொன்னாரில்லை. நஷ்டம் தருவதாயின் எவரும் தாமாகவே விட்டுவிடுவர், உபதேசம் தேவையில்லை. இலாபம் தரக்கூடியவை ஆனதாலேயே தடை சொல்ல நேர்ந்தது என்று நாம் கருதுகிறோம். இது வேலி.

மற்றோரிடத்தில், பிக்குகளுக்கு உவமையாக ஒரு கடைக்காரனை எடுத்துக் காட்டுகிறார். மூன்று குணங்களை உடைய கடைக்காரன் விரைவில் பெருஞ்செல்வத்தை அடைவான் என்கிறார். முதலாவது கண்ணுடைமை. இச்சரக்கை இவ்விலைக்கு வாங்கி இவ்விலைக்கு விற்றால் முதல் இவ்வளவு, இலாபம் இவ்வளவு என்று கண்டறிதல் அதன் பொருள். இரண்டாவது கைத்திறம், வாங்கவும் விற்கவும் தேர்ச்சி பெற்றிருத்தல். மூன்றாவது சார்புடைமை. இவன் திறமையுள்ளவன், குடும்பத்தையும் காப்பான், நம் பணத்தையும் தவறாது திருப்புவான் என்று பொருளுள்ளோர் நம்பித் தாமே முதல் கொடுக்க முன்வரும்படி நடந்துகொள்ளுதல் அது. இம்மூன்றும் விளக்கு.

வேலி, எங்கே போகலாகாது என்று காட்டுகிறது. விளக்கு, போகத்தக்க வழிகளுள் எது நம் காலுக்கு ஏற்றது என்று காட்டுகிறது. இரண்டும் வேண்டும். இவற்றை ஏட்டளவில் வைத்திருந்து பயனில்லை ஆதலால், உண்மையாய் நடந்த இரண்டு வரலாறுகளில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் 2001 முதல் கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகரத்தவை.

2. எல்லாவற்றையும் ஏற்றவர்

துவாரகாநாத தாகூர் 1794-இல் பிறந்தவர். கவி இரவீந்திரநாதருக்குப் பாட்டனார். 1829-இல் தோன்றிய யூனியன் வங்கிக்கு அடிகோலியவர்களுள் ஒருவர். 1834-இல் வில்லியம் கார் என்னும் ஆங்கிலேயரோடு சரிசமப் பங்காளியாய் நின்று கார்-தாகூர் கம்பெனியை நிறுவினார். வெள்ளையரின் கீழ்த் தரகராய் இருப்பதே இந்தியருக்கு வழக்கமாயிருந்த அந்நாளில் இது பெருந்துணிவு. நீலச்சாயம், பட்டு, சர்க்கரை, நிலக்கரி, கப்பல்களை ஆற்றில் இழுத்துச் செல்லும் நீராவிப் படகுகள் என்று அவர் கை வைக்காத தொழில் அரிது.

அவற்றுள் ஒன்று மிகச் சிறந்த தெரிவு. அலெக்சாண்டர் கம்பெனி என்ற பெரிய வணிகக் கழகம் 1832-இல் முறிந்தது. அதற்குச் சொந்தமான ராணிகஞ்சு நிலக்கரிச் சுரங்கம் ஏலத்திற்கு வந்தபோது, 1836-இல் 70,000 ரூபாய்க்கு அதனை அவர் எடுத்தார். கங்கையில் நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கிய காலம் அது. கப்பல் பெருகினால் கரி வேண்டும்; கரி கல்கத்தாவுக்கு ஆற்றுவழியே வந்து சேரக்கூடிய இடத்தில் இருக்கிறது. இதனைக் கண்டது கண்ணுடைமை. 1843-இல் அச்சுரங்கம் வங்காள நிலக்கரிக் கம்பெனி என்று விரிந்து, அவருக்குப் பின்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

நிற்க. அதே மனிதரின் நீல வணிகத்தைப் பார்ப்போம். நீலச்செடியின் விளைச்சல் மழையின் கையில். அதன் விலையோ இலண்டன் சந்தையின் கையில். 1830-இல் பாமர் கம்பெனி விழுந்தது; அடுத்த சில ஆண்டுகளில் கல்கத்தாவின் பெரிய வணிகக் கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. நீலத்தில் முதலைப் புதைத்துவிட்டு மீட்க இயலாமற் போனது அவ்வீழ்ச்சிகளுக்கு ஒரு தலையாய காரணம். அலெக்சாண்டர் கம்பெனியின் முறிவே சுரங்கத்தைத் துவாரகாநாதருக்குக் கொடுத்தது. அம்முறிவு ஓர் எச்சரிக்கையையும் கொடுத்தது. அவர் சுரங்கத்தை எடுத்துக்கொண்டார், எச்சரிக்கையை எடுத்துக்கொண்டாரில்லை.

யூனியன் வங்கியின் பணம் நீல வணிகர்களுக்கு மேன்மேலும் கடனாய்ப் போயிற்று. கடன் கொடுக்க ஒப்புதல் தரும் இயக்குநர்களுள் பலர் தாமே கடன் வாங்கிய வணிகர்களாகவும் இருந்தனர். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில், வேண்டும் என்பவரே அமர்ந்திருந்தால் அவ்வங்கி எங்ஙனம் பிழைக்கும்? 1846 ஆகஸ்டு 1-இல் துவாரகாநாதர் இலண்டனில் காலமானார். 1847-இல் இலண்டனில் எழுந்த வணிக நெருக்கடி கல்கத்தாவையும் தாக்கிற்று. 1848 தொடக்கத்திற்குள் யூனியன் வங்கியும் கார்-தாகூர் கம்பெனியும் முடிவெய்தின. தந்தையின் கடன் மகன் தேவேந்திரநாதரின் தலைமேல் விழுந்தது. அவர் கடன்காரருக்கு ஒளியாமல், பல்லாண்டு சிக்கனமாய் வாழ்ந்து அதனைத் தீர்த்தார்.

இங்கே ஒன்றை மறையாது சொல்ல வேண்டும். சீனத்திற்கு அபினி ஏற்றிச்சென்ற விரைவுக் கப்பல்களிலும் துவாரகாநாதருக்குப் பங்கு இருந்தது. அபினியால் அவர் கெட்டார் என்று நாம் எழுதினால் அது பொய்யாகும். கம்பெனியைக் கெடுத்தது நீலமும் கடனும். அபினியின் நஷ்டம் கல்கத்தாக் கணக்கேட்டில் ஏறவே இல்லை. அது சீனத்துக் குடிசைகளில், புகைத்தவனின் மனைவி மக்கள்மேல் ஏறிற்று. நீலத்தின் நஷ்டமும் முதலில் ஏறியது வங்கக் குடியானவனின் முதுகில்தான். நெல் விதைக்க வேண்டிய வயலில் நீலம் விதைக்கும்படி அவனைத் தோட்ட முதலாளிகள் நெருக்கினர். பொறுக்கமாட்டாமல் 1859-இல் அவன் கிளர்ந்தெழுந்தான். நம் ஏட்டில் இலாபமாய்த் தோன்றுவது பிறர் வீட்டில் நஷ்டமாய்ப் பதிவாகியிருக்கக்கூடும். ஐந்து வணிகங்களைப் பகவர் விலக்கியதன் உட்பொருள் இதுவே என்று நாம் கொள்கிறோம்.

3. சிலவற்றை விலக்கி ஒன்றை ஏற்றவர்

மற்றவர் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய், 1861-இல் பிறந்தவர். எடின்பரோவில் இரசாயனம் பயின்று திரும்பி, 1889-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்தில் ஆசிரியரானார். படித்த வங்க இளைஞர் யாவரும் எழுத்தர் வேலைக்கே முட்டி மோதுவதைக் கண்டு வருந்தினார். நம் நாட்டிலேயே ஒரு தொழிலைத் தொடங்கி வழிகாட்ட எண்ணினார். அநகாரிக தர்மபாலர் 1891-இல் கொழும்பில் நிறுவிய மகாபோதி சங்கம் தன் தலைமையிடத்தைக் கல்கத்தாவுக்கு மாற்றிய அதே 1892-ஆம் ஆண்டில், அப்பர் சர்க்குலர் சாலை 91-ஆம் எண் வாடகை வீட்டில், ராய் தம் தொழிலைத் தொடங்கினார். முதல் ஏறத்தாழ 700 ரூபாய்.

எத்தொழில் என்பதை அவர் ஒரே நாளில் முடிவு செய்துவிடவில்லை. எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுக்கலாம் என்பது முதல் எண்ணம். செய்முறை அவருக்கு நன்கு தெரியும். ஆயினும் கல்கத்தாச் சந்தையில் எலுமிச்சை மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்கவில்லை. கணக்குப் பார்த்தால் கட்டவில்லை. விட்டுவிட்டார். கைத்திறம் இருந்தும் கண் தடுத்தது. கந்தக அமிலமோ எல்லாத் தொழிலுக்கும் வேண்டப்படுவது, விற்பனைக்குக் குறைவில்லை. ஆனால் அதனைச் சிறிய அளவிற் செய்தால் ஆதாயம் இல்லை. பெரிய அளவிற் செய்ய ஈயத்தகடு வேய்ந்த கூடங்களும் பெருமுதலும் வேண்டும். 700 ரூபாய்க்காரர் அதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும். கண் "ஆம்" என்றாலும் சார்பு "இப்போது அன்று" என்றது.

பின்பு அவர் செய்தது நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கல்கத்தா மருந்துக் கடைகளில் எவ்வெச்சரக்கு சீமையிலிருந்து வருகிறது, எது தடையின்றி விற்கிறது என்று விசாரித்தார். ஆங்கில மருந்து நூலிற் கண்ட முறைப்படி செய்யத்தக்கனவும், அன்றாடம் வைத்தியர் எழுதித் தருவனவுமாகிய மருந்துகளைத் தேர்ந்தார். அவற்றுள் ஒன்று சோடியம் பாஸ்பேட். அதற்கு மூலப்பொருள் மாட்டெலும்பு. இறைச்சிக் கடைகளில் கழித்த எலும்பை மூட்டை மூட்டையாக வாங்கி மாடியில் உலரப் போட்டார். காலமல்லாத காலத்தில் மழை பிடித்தது. எலும்பு அழுகிப் புழு வைத்தது. காக்கைகள் அவற்றைக் கொத்திச் சென்று அண்டை வீட்டு முற்றங்களில் போட்டன. ஆசாரமான அயலார் கொதித்தெழுந்து, நகராட்சிக்கு முறையிடுவோம் என்றனர். அவர் எலும்பை வெளியிடத்துக்குக் கொண்டுபோய்க் காளவாயில் இட்டு இரவில் எரித்தார். நெருப்பைக் கண்ட காவலர், கொலையுண்ட பிணத்தை எரிக்கிறார்களோ என்று ஐயுற்று வந்து விசாரித்தாராம்! இத்தனை இடையூற்றிலும் இத்தொழிலை அவர் கைவிடவில்லை. ஏன்? சிட்ரிக் அமிலத்தில் இருந்தது கணக்கின் தடை. எலும்பில் இருந்தது உலகத்தார் முகச்சுளிப்பின் தடை. கணக்கு தடுத்தால் விலக வேண்டும். முகச்சுளிப்பு தடுத்தால், இடத்தை மாற்றியும் முறையை மாற்றியும் முன்செல்ல வேண்டும். எலும்பு, தோல், குப்பை ஆகியவற்றைத் தொட்டவர் என்று தலைமுறை தலைமுறையாக இழித்துரைக்கப்பட்ட நம்மவர் இதனை மனத்திற் பதித்துக்கொள்வாராக.

சரக்கு உண்டாயிற்று, கடைக்காரர் வாங்கத் தயங்கினர். சீமைச் சீட்டு ஒட்டிய புட்டிக்கே மதிப்பு. அப்போது வைத்தியர் அமூல்ய சரண் போஸ் துணை வந்தார். அவரால் பிற வைத்தியர்களும் இம்மருந்துகளை எழுதித் தரலாயினர். ஆடாதோடை, நிலவேம்பு, ஓமம் முதலிய நாட்டு மூலிகைகளைப் புதுமுறையில் வடித்துப் புட்டியிலிட்டு விற்றனர். மூன்றாம் குணமாகிய சார்புடைமை இங்ஙனம் வந்து சேர்ந்தது. அது பணத்தால் வந்ததன்று, சரக்கின் நேர்மையால் வந்தது. நல்ல தெரிவுக்கும் துன்பம் உண்டு. அமூல்ய சரணர் 1898-இல் பிளேக் நோய்க்கு இரையானார். துணைநின்ற சதீச சந்திர சிங்கர் ஆய்வுக்கூடத்தில் நச்சு அமிலத்தால் விபத்தாய் உயிரிழந்தார். ராய் தனியே தாங்கினார். 1901-இல் தொழில் பங்குக் கம்பெனியாயிற்று. பின்னர் மாணிக்தலையில் பெருந்தொழிற்சாலை எழுந்தது. முன்னர்க் காத்திருந்த கந்தக அமிலக் கூடமும் அங்கே எழுந்தது. 1944-இல் அவர் காலமான பின்பும் நிலைத்த அந்நிறுவனம், நலிவுற்று, 1980-இல் அரசுடைமையாயிற்று.

இன்னுமொன்று. இத்தனைக்கும் நடுவில் அவர் ஆசிரியத் தொழிலை விட்டாரில்லை. தொழில் நஷ்டமடைந்தால் அந்நஷ்டம் தம் சம்பளத்திலும் தம் எளிய வாழ்விலும் அடங்கும் அளவுக்கே தொடக்கத்தில் துணிந்தார். விதவையின் சேமிப்போ, ஊராரின் வைப்புத் தொகையோ அதில் புதையவில்லை.

4. ஒத்துப் பார்த்தல்

இருவரும் அறிவுடையோர்; இருவரும் துணிந்தவர். வேறுபாடு எங்கே? துவாரகாநாதர் ஒவ்வொரு வாய்ப்பையும் அதன் இலாபத்தால் அளந்தார். ராய் முதலில் நஷ்டத்தை அளந்தார்: வரின் எவ்வளவு, அது யார் தலையில்? நாம் தேடிய எடைக்கல் இதுவே. இலாபத்தின் அளவைச் சொல்ல ஆயிரம் பேர் வருவர். நஷ்டம் யார் வீட்டில் இறங்கும் என்று சொல்ல ஒருவரும் வாரார். அதனை நாமே கேட்டறிய வேண்டும்.

5. எம் வீட்டுத் திண்ணையில்

நாமும் ஒரு காலத்தில் இச்சோதனைக்கு ஆளானோம். 1990-களில் நாம் உழைத்த ஆலை மூடப்பட்டு, கணக்குத் தீர்த்த பணம் கைக்கு வந்தது. ஒரே வாரத்தில் மூவர் வந்தனர். முதலாமவர், வேலையிழந்த தோழர்களுக்கே வார வட்டிக்குக் கடன் கொடுக்கலாம் என்றார். இரண்டாமவர், ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தரும் நிதிக் கம்பெனியைக் காட்டினார். மூன்றாமவர், துண்டுத் துணி வாங்கிப் பங்கிட்டு விற்போம் என்றார்.

நம் மனம் முதலாவதில் சாய்ந்தது என்பதை வெட்கத்துடன் எழுதுகிறோம். ஐந்து வணிகங்களுள் வட்டி இல்லையே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டோம். நம் துணைவியார் எழுத்தறியாதவர். அவர் கேட்டது ஒன்றே: "கட்ட முடியாதவன் வீட்டு அண்டாவைத் தூக்கிவர யார் போவது? நீங்களா?" அதற்கு நம்மிடம் விடையில்லை. அத்தோழனோடு ஒரே தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசியை விழுங்கியவர் நாம். விலக்கினோம். நிதிக் கம்பெனியின் பணம் எதனால் இரட்டிக்கிறது என்று வினவினோம், வந்தவருக்கே தெரியவில்லை. கண்ணில்லாத இடம் என்று அதனையும் விலக்கினோம். நம்பிக் கட்டிய நண்பர் ஒருவர் முதலையும் இழந்தார்.

துணியை ஏற்றோம். இழையைத் தடவிப் பார்த்தே நூலின் தரம் சொல்ல ஆலை நமக்குக் கற்றுத் தந்திருந்தது. ஆயினும் நம் பிழை ஒன்று உண்டு. முதலாண்டு இலாபம் கண்ட மிதப்பில், நாம் அறியாத நைலான் புடவைகளை மொத்தமாய் வாங்கினோம். விற்கவில்லை, 4,000 ரூபாய் போயிற்று. நமக்குக் கண்ணிருந்தது பருத்தியில் மட்டுமே. ஒன்றில் உள்ள கண் மற்றொன்றுக்கு உதவாது என்பதை விலை கொடுத்துக் கற்றோம். அன்று முழு முதலும் போகாமற் காத்தது சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவர் உரைத்த பங்கீடே. வருவாயை நான்காக்கி, ஒன்றைத் துய்த்து, இரண்டைத் தொழிலிலிட்டு, நான்காவதை ஆபத்துக்கு வைக்க வேண்டும் என்பது அது. அந்நான்காம் பங்கு வீட்டில் இருந்ததால் அடுப்பு அணையவில்லை.

6. ஏற்குமுன் கேட்க வேண்டியவை

வாய்ப்போடு ஒருவர் வந்தால் அன்றைக்கே விடை சொல்லாதீர். "இன்றே சொல்ல வேண்டும்" என்பவரிடம் "வேண்டாம்" என்று இன்றே சொல்லிவிடலாம். மற்றவற்றுக்கு வீட்டாரோடு அமர்ந்து இவற்றைக் கேளுங்கள்.

இத்தொழில் ஓர் உயிரையோ ஓர் அறிவையோ கெடுத்துப் பிழைப்பதா? ஆயின் மேற்கொண்டு கணக்குப் பார்க்க வேண்டுவதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது, எதனால் பெருகுகிறது என்று பிள்ளைகளுக்கு விளங்கும்படி நம்மால் சொல்ல முடியுமா?

இத்தொழிலில் நம் கை என்ன அறியும்? அறியாததாயின், கற்கும்வரை காத்திருக்கலாகுமா?

நம்பிக் கொடுப்பவரும் நம்பி வாங்குபவரும் யாவர்?

முழுதும் போனால் எவர் வீட்டு அடுப்பு அணையும்? நம்முடையதா, அயலாருடையதா?

நாம் தயங்குவது கணக்கினாலா, பிறர் முகம் சுளிப்பதனாலா?

இக்கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர். எல்லாவற்றையும் விலக்கி மூலையில் அமர்வது தம்மம் அன்று. பகவர் போற்றியது முயற்சியுள்ள கடைக்காரனை. அடுத்த சங்கக் கூட்டத்தில் இரண்டு பொருள் பற்றி ஆராய்வோம். ராய் எலும்பு வாங்கியது இறைச்சி வணிகத்தில் அடங்குமா, அடங்காதா? வறியவருக்கு வட்டிக்குக் கொடுத்தல் ஐந்தனுள் எண்ணப்படாவிடினும், அதனை எந்நிலையில் நாம் விலக்க வேண்டும்? வருவோர் தத்தம் வீட்டுத் திண்ணைக்கு வந்த வாய்ப்பு ஒன்றையும், அதற்குச் சொன்ன விடையையும் மறையாது சொல்ல வேண்டுகிறோம்.